எதுக்குப் படிக்கிற? ஐந்து முறை கேட்டுப் பார்ப்போம்!



வீட்டுக்கு யாராவது விருந்தாளி வந்தால் நம்மிடம் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனாவது படிக்கிற?" இரண்டாவது கேள்வி, "பெரிய ஆளா ஆகி என்ன ஆகப் போற?" நாமும் டாக்டர், கலெக்டர், இன்ஜினியர், போலீஸ் என்று டக்கென்று சொல்லிவிடுவோம். அவர்களும் "வெரி குட்" என்று தலையைத் தடவிவிட்டு காபி குடிக்கப் போய்விடுவார்கள்.

மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வி: "ஏன்?"

லட்சியம் வேண்டும் என்று பிரேயரில் தினமும் கேட்கிறோம். ஆனா லட்சியத்துக்கு ஒரு காரணம் வேணும், அதுவும் நம்ம சொந்தக் காரணமா இருக்கணும் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். கொஞ்சம் நீளம். இடைவேளையில் பாதி, சாப்பாட்டு நேரத்தில் மீதி என்று படித்துவிடுங்கள்.

பரிசு கொடுத்தால் ஆசை கூடுமா?

"பாஸ் பண்ணா சைக்கிள் வாங்கித் தர்றேன்." இது எல்லா வீட்டிலும் கேட்கிற வசனம். சைக்கிள் ஒரு காரணம்தானே? ஆமாம், காரணம்தான். ஆனால் எப்படிப்பட்ட காரணம் என்று பார்க்கணும்.

அமெரிக்காவில் எட்வர்ட் டெசி என்ற உளவியல் அறிஞர் ஒரு சோதனை செய்து 1971-ல் வெளியிட்டார். கல்லூரி மாணவர்கள் 24 பேர். அவர்களிடம் கட்டைகளைச் சேர்த்து உருவம் அமைக்கிற ஒரு புதிர் விளையாட்டைக் கொடுத்தார். மூன்று நாள் சோதனை. ஒரு பாதிப் பேருக்கு இரண்டாம் நாள் மட்டும், போடுகிற ஒவ்வொரு புதிருக்கும் ஒரு டாலர் கொடுத்தார். மூன்றாம் நாள் காசு கிடையாது. மற்ற பாதிப் பேருக்கு எந்த நாளும் காசே கிடையாது. நடுவில் ஓய்வு நேரம் விட்டு, "இப்ப நீங்க என்ன வேணா பண்ணலாம்" என்று சொல்லி வெளியே போய்விட்டு, மறைவாகக் கவனித்தார். காசு வாங்கிப் பழகியவர்களுக்கு, காசு நின்றதும் புதிர் மேல் இருந்த ஆர்வம் குறைந்திருந்தது. காசே வாங்காதவர்கள் சும்மா ஆசைக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் சின்னக் குழந்தைகளிடம் இதே மாதிரி பார்த்தார்கள். படம் வரைய ஆசைப்படுகிற குழந்தைகள். ஒரு குழுவிடம், "படம் வரைஞ்சா சான்றிதழ் தருவோம்" என்று முன்னாடியே சொல்லிவிட்டார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல், வரைந்த பிறகு திடீரென்று கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. சில நாள் கழித்துப் பார்த்தால், முன்னாடியே ஆசை காட்டப்பட்ட குழந்தைகள் மற்றவர்களைவிடப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். திடீர்ப் பரிசு வாங்கிய குழந்தைகளுக்கு ஆசை குறையவில்லை.

ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. பரிசே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஆண்டு விழாவில் பரிசு வாங்கினா எனக்கும் சந்தோஷம்தான்! சொல்ல வந்தது இதுதான்: பரிசு மட்டுமே காரணமா இருந்தா, பரிசு நின்ற அன்றைக்குக் காரணமும் நின்றுவிடும். பயமும் அப்படித்தான். அடிக்குப் பயந்து படிக்கிறவன், அடிக்கிற ஆள் இல்லாத இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவான்.

மூன்று பேர், மூன்று காரணங்கள்

சரி, சொந்தக் காரணம் என்றால் எப்படி இருக்கும்? நம்ம பக்கத்தில் வாழ்ந்த மூன்று பேரைப் பார்ப்போம்.

முதலாமவர் ஐடா ஸ்கடர். 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்த அமெரிக்கப் பெண். அவருடைய அப்பா டாக்டர். இளவயதில் ஐடாவுக்கு டாக்டர் ஆகும் எண்ணமே கிடையாது, அமெரிக்காவுக்குத் திரும்பிப் போகணும் என்பதுதான் ஆசை. திண்டிவனத்தில் பெற்றோருடன் தங்கியிருந்தபோது, ஒரே இரவில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள். மூன்று பேரின் மனைவிக்கும் பிரசவச் சிக்கல். "அப்பா டாக்டர், அவரைக் கூட்டிப் போங்க" என்றார் ஐடா. ஆண் டாக்டர் தொடக் கூடாது, பெண்தான் வரணும் என்று மூவரும் மறுத்துத் திரும்பினார்கள். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். ஐடா அமெரிக்கா போனார், ஆனால் மருத்துவம் படிக்க. 1899-ல் பட்டம் வாங்கி, 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு சிகிச்சை தொடங்கினார். 1918-ல் பெண்களுக்காக மருத்துவப் பள்ளி ஆரம்பித்தார். அதுதான் வளர்ந்து இன்றைக்கு நாம் சொல்கிற வேலூர் சி.எம்.சி.

இரண்டாமவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரியில் சேர்ந்து படித்து, 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேர்ச்சி பெற்றார். 1923-ல் அவருடைய சகோதரி புற்றுநோயில் இறந்துபோனார். டாக்டராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று அவர் பாடுபட்டதற்கு அந்த இழப்புதான் காரணம். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-ல் தொடங்கியது. கணக்குப் போட்டுப் பாருங்கள், 31 வருஷம்! பரிசுக்காக யாராவது 31 வருஷம் காத்திருப்பார்களா?

மூன்றாமவர் சர் சி.வி.ராமன். இவருடைய காரணம் துக்கம் இல்லை, சந்தேகம்! கல்கத்தாவில் நிதித் துறையில் நல்ல அரசாங்க உத்தியோகம். வேலை முடிந்ததும் ஆய்வுக்கூடத்துக்கு ஓடுவார். 1917-ல் அந்த உத்தியோகத்தை விட்டு, அதைவிடக் குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியர் ஆனார். 1921-ல் இங்கிலாந்து போய்த் திரும்பும்போது, மத்தியதரைக் கடலின் நீல நிறம் அவரை விடவில்லை. வானத்தின் நீலம்தான் தண்ணீரில் தெரிகிறது என்று அதுவரை சொல்லிவந்தார்கள். அவர் கையில் இருந்த பட்டகத்தால் அந்தப் பிரதிபலிப்பைத் தடுத்துப் பார்த்தார். அப்பவும் கடல் நீலமாத்தான் இருந்தது. "அப்படின்னா ஏன்?" அந்த ஏன்தான் 1928 பிப்ரவரி 28-இல் ராமன் விளைவில் கொண்டுபோய் விட்டது. 1930-ல் நோபல் பரிசு. பிப்ரவரி 28-ஐ நாம் தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுவதும் அதனால்தான்.

கவனித்தீர்களா? ஒருவருக்குக் கண்ணால் பார்த்த கொடுமை. ஒருவருக்கு வீட்டில் நடந்த இழப்பு. ஒருவருக்கு மனசுக்குள் குடைந்த கேள்வி. காரணம் வேறு வேறு. ஆனா ஒண்ணு மட்டும் பொது. மூன்று பேருக்கும் அதை இன்னொருத்தர் சொல்லிக் கொடுக்கவில்லை.

நம்ம காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஜப்பானில் டொயோட்டா கார் தொழிற்சாலையில் ஒரு பழக்கம் உண்டு. ஏதாவது கோளாறு வந்தால் ஐந்து முறை "ஏன்" கேட்பார்கள். அங்கே பொறியாளராக இருந்த தைச்சி ஓனோ இதற்கு ஓர் உதாரணம் சொன்னார்:

மெஷின் ஏன் நின்றது? லோடு அதிகமாகி ஃபியூஸ் போச்சு.
லோடு ஏன் அதிகமாச்சு? பேரிங்குக்கு எண்ணெய் போதவில்லை.
ஏன் போதவில்லை? எண்ணெய் பம்ப் சரியாக இழுக்கவில்லை.
ஏன் இழுக்கவில்லை? பம்ப்பின் தண்டு தேய்ந்துவிட்டது.
ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லாததால் இரும்புத் தூள் உள்ளே போய்விட்டது.

முதல் பதிலோடு நிறுத்தியிருந்தால் புது ஃபியூஸ் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அடுத்த வாரம் மறுபடியும் மெஷின் நின்றிருக்கும். லட்சியத்துக்கும் இதே வைத்தியம்தான். முதல் பதில் பெரும்பாலும் ஃபியூஸ் மாதிரி. வடிகட்டி வரைக்கும் போகணும்.

வெறுமனே உபதேசம் பண்ணக் கூடாது என்பதால் என்னையே கேட்டு எழுதிப் பார்த்தேன். என் லட்சியம் கால்நடை மருத்துவர் ஆவது. (சிரிக்காதீங்க!)

ஏன் மாட்டு டாக்டர்? எனக்கு மாடு பிடிக்கும்.

பிடிச்சா வளர்த்தாப் போதுமே, ஏன் டாக்டர்? எங்க வீட்டு மாடு கன்று போட்ட மறுநாள் காலையில் எழுந்திரிக்கவே இல்லை. கழுத்தை ஒரு பக்கமாத் திருப்பி விலாவில் வைத்துக்கொண்டு படுத்துவிட்டது. காது ஜில்லென்று இருந்தது. நாங்க எல்லாரும் கையைப் பிசைஞ்சுகிட்டு நின்னோம். டாக்டர் வந்து, இதுக்குப் பால் காய்ச்சல்னு பேர் என்று சொல்லி, கழுத்து நரம்பில் கால்சியம் மருந்தை மெதுவாக ஏற்றினார். ஏற்றும்போதே இதயத்துடிப்பையும் கேட்டுக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் மாடு தானாக எழுந்து நின்றது. எங்க அம்மா அழுதுட்டாங்க.

டாக்டர்தான் இருக்காரே, நீ ஏன்? அவர் ஒருத்தர் பல ஊர் பார்க்கணும். அன்னிக்கு எங்க ஊர்ப் பக்கம் இருந்ததால் உடனே வந்தார். தினமும் அப்படி அமையாது.

வராட்டி என்ன ஆகும்? மாடு செத்துப்போகும். சொசைட்டிக்கு ஊத்துற பால் காசு நிற்கும். எங்க தெருவில் பல வீட்டுக்கு பேங்க் என்றால் அது மாடுதான்.

அது உனக்கு ஏன் இவ்வளவு முக்கியம்?

இந்த ஐந்தாவது கேள்விக்கு ரெண்டு நாள் பதில் வரவில்லை. அப்புறம் வந்தது. பத்தாவது வரைக்கும் என் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்த ஒருத்தி இப்போது பள்ளிக்கூடம் வருவதில்லை. அவளுக்குக் கணக்கு என்னைவிட நல்லா வரும். அவர்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு கறவை மாடு. அது செத்த பிறகு கடன் ஏறியது, அவள் மில் வேலைக்குப் போய்விட்டாள். என் நோட்டில் ஐந்தாவது வரியாக இப்படி எழுதினேன்: "ஒரு வீட்டு மாடு பிழைச்சா, அந்த வீட்டுப் பொண்ணு படிப்பா."

இதை எழுதிய பிறகு ஒன்று நடந்தது. வேதியியலில் கார மண் உலோகங்கள் பாடம் இருக்கிறது இல்லையா? அதில் கால்சியம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அறிவியல் டீச்சரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கன்று போட்டதும் மாட்டின் ரத்தத்திலிருந்து கால்சியம் நிறையப் பாலுக்குப் போய்விடுகிறது. தசை வேலை செய்யக் கால்சியம் வேண்டும். அது குறைந்ததால்தான் மாட்டால் எழ முடியவில்லை. பேர்தான் காய்ச்சல், ஆனா உடம்புச் சூடு கூடாது, குறையத்தான் செய்யும். வேகமாக ஏற்றினால் கால்சியம் இதயத்தையே நிறுத்திவிடும், அதனால்தான் டாக்டர் துடிப்பைக் கேட்டுக்கொண்டே ஏற்றினார். காரணம் தெரிந்தால் பாடம் எங்கெங்கேயோ வந்து ஒட்டிக்கொள்கிறது!

"எங்கப்பா சொன்னாரு" என்பது காரணமா?

இதையும் பலர் கேட்பார்கள். என் சித்தி பையன் ஒன்பதாவது படிக்கிறான். அவனிடம் கேட்டேன்.

"தம்பி, நீ ஏன் போலீஸ் ஆகணும்?"
"எங்கப்பா சொன்னாருக்கா."
"அப்பா ஏன் சொன்னாரு?"
"அவரு போகணும்னு ஆசைப்பட்டாராம். உயரம் பத்தலையாம்."
"சரி, உனக்கு ஏன்?"
"போக்கா, நீ வேற!" (கொஞ்ச நேரம் கழித்து) "அக்கா, அம்மாச்சியோட நகை காணாமப் போச்சுல்ல? ஸ்டேஷனுக்குப் போகவே பயந்துகிட்டு புகார் குடுக்கல. நான் அங்க உக்காந்திருந்தா அம்மாச்சி மாதிரி ஆளுங்க பயப்படாம வருவாங்க."

பார்த்தீர்களா? அப்பா கொடுத்த காரணமாக ஆரம்பித்தது, அவனுடைய காரணமாக மாறிவிட்டது. டெசியும் அவருடன் சேர்ந்து ஆராய்ச்சி செய்த ரிச்சர்ட் ரயனும் இதைத்தான் சொல்கிறார்கள். வெளியிலிருந்து வந்த காரணத்தைக்கூட, அதன் மதிப்பை நாமே உணர்ந்து ஏற்றுக்கொண்டால் அது நம்முடையதாகிவிடும். ஆகவே அப்பா அம்மா சொன்ன லட்சியத்தைத் தூக்கிப் போட வேண்டாம். ஏன் என்று கேட்டு அதை உங்களுடையதாக ஆக்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது "ஏன்"-லேயே பதில் நின்றுபோனால்? பயப்பட வேண்டாம். இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, அந்த வேலையைப் பற்றி உங்களுக்கு இன்னும் சரியாகத் தெரியாது. அந்த வேலை செய்கிற ஒருவரை நேரில் பார்த்து, ஒரு நாள் வேலை எப்படி இருக்கும் என்று கேளுங்கள். இல்லாவிட்டால், அது உங்கள் லட்சியமே இல்லை. அதை இப்பவே தெரிந்துகொள்வது நல்லதுதான். ஐடா ஸ்கடரின் முதல் ஆசையும் மாறியதுதானே!

காரணம் மட்டும் போதுமா?

போதாது. திருக்குறளில் ஊக்கமுடைமை 60-ஆவது அதிகாரம். அடுத்தது 61, மடியின்மை. அதற்கடுத்து 62, ஆள்வினையுடைமை. எனக்குத் தோன்றுவது, இந்த வரிசையே ஒரு பாடம்தான். முதலில் மனதில் ஊக்கம், பிறகு சோம்பலை விடுவது, பிறகு முயற்சி. ஊக்கத்தோடு நின்றுவிட்டால் 60-லேயே நிற்கிறோம் என்று அர்த்தம்.

ஜெர்மனியைச் சேர்ந்த பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இதற்கு ஓர் எளிய வழி காட்டினார். 1997-ல் வெளியான அவருடைய ஆய்வு ஒன்றில், கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஓர் அறிக்கை எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் சொன்னார்கள். சிலரை மட்டும், "எந்த நேரத்தில், எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதப் போறீங்க என்று இப்பவே குறித்துவிடுங்கள்" என்றார்கள். அப்படிக் குறித்தவர்களில்தான் அதிகம் பேர் சொன்ன கெடுவுக்குள் முடித்தார்கள்.

ஆகவே, "நல்லாப் படிக்கணும்" என்று எழுதாதீர்கள். "ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும், திண்ணையில் உட்கார்ந்து, இயற்பியலில் ரெண்டு கணக்குப் போடுவேன்" என்று எழுதுங்கள். கரண்ட் போனால் என்ன செய்வேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்!

இன்னொரு உண்மையையும் சொல்லியாகணும். காரணம் பலமாக இருந்தும் படிக்க முடியாமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். என் பெஞ்சுத் தோழிக்கு மனசில் உறுதி இல்லாமல் இல்லை, வீட்டில் காசுதான் இல்லை. அதனால் "முயற்சி பண்ணலை" என்று யாரையும் சுலபமாகச் சொல்லிவிடக் கூடாது. நமக்கு என்னென்ன வழி இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்வதும் முயற்சியில் ஒரு பங்கு. உதாரணமாக, பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடம் ஒதுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2021-ல் வந்தது. இதுகூடத் தெரியாமல், "நமக்கெல்லாம் எங்க கிடைக்கப் போகுது" என்று ஒதுங்குகிறவர்கள் நம்ம ஊரில் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் லட்சியத்துக்கு என்ன படிப்பு, எத்தனை வருஷம், யாரிடம் விண்ணப்பம் வாங்கணும் என்று ஆசிரியர்களிடம் கேளுங்கள். கேட்டா சொல்லித் தருவாங்க.

செய்து பாருங்கள்

1. நோட்டில் கடைசிப் பக்கத்தை எடுங்கள். மேலே உங்கள் லட்சியத்தை ஒரு வரியில் எழுதுங்கள்.

2. அதன் கீழே ஐந்து முறை "ஏன்" கேட்டுப் பதில் எழுதுங்கள். ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்ற அவசரம் இல்லை.

3. ஒவ்வொரு பதிலையும் சோதியுங்கள்: "பரிசு இல்லாட்டியும், யாரும் பார்க்காட்டியும் இது காரணமா நிற்குமா?"

4. ஐந்தாவது பதிலுக்குக் கீழே, இந்த வாரம் செய்யப் போகிற ஒரே ஒரு சின்ன வேலையை, நேரமும் இடமும் போட்டு எழுதுங்கள்.

5. படிக்கப் பிடிக்காத நாளில் மற்றப் பக்கங்களைத் திறக்கும் முன்னே இந்தப் பக்கத்தை ஒரு தடவை படியுங்கள்.

இந்தத் தாளுக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறோம். உங்கள் ஐந்தாவது "ஏன்"-க்குக் கிடைத்த பதிலை அதில் எழுதிவிட்டுப் போங்கள். பேர் போட வேண்டாம். பென்சில் நூலில் கட்டித் தொங்குகிறது, தயவுசெய்து எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்! ஆசிரியர்களும் எழுதலாம். நீங்கள் ஏன் ஆசிரியர் ஆனீர்கள் என்று தெரிந்துகொள்ள எங்களுக்கும் ஆசை.



– பதினோராம் வகுப்பு மாணவி, அறிவியல் பிரிவு